ஹாக்கி மட்டையும் இரட்டை ஊசலும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கோவில்பட்டி என்றதும் வெளியூரார்க்குக் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும் நினைவுக்கு வரும். விளையாட்டு அறிந்தவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது ஹாக்கி. மாலை நேரத்தில் நம் ஊர்த் திடல்களில் மட்டையும் கையுமாக நிற்கும் சிறுவர் சிறுமியரைக் காணலாம். கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை ஆடுகளம் இருக்கிறது; அகில இந்தியப் போட்டிகள் அங்கே நடைபெறுகின்றன. 2022 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் நம் ஊர் மாரீஸ்வரனும், இங்குள்ள விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூர்க் கார்த்தியும் இந்திய அணியில் ஆடினர். ஜப்பானை 1-0 என்ற கணக்கில் வென்று அவ்வணி வெண்கலப் பதக்கம் பெற்றது.

இத்தகைய ஊரில் ஒரு தவறான கருத்தும் வேரூன்றி நிற்கிறது. பந்தை ஓங்கி அடிக்க வேண்டுமானால் உடம்பு வேண்டும் என்பதே அது. என் பள்ளித் தோழன் ஒருவன் நன்றாகப் பந்தைக் கடத்திச் செல்வான். ஒரு தேர்வில், "தம்பி, உனக்கு உடம்பு போதாது, அடி எடுபடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் அடித்துக் காட்டுவதற்கு முன்பே சொன்ன தீர்ப்பு அது. அதன் பின் அவன் மட்டையைத் தொடவில்லை. கஞ்சியும் கம்பங்கூழும் உண்டு வளரும் கரிசல் காட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மெலிந்தவர்களே. உடம்பு போதாது என்பதே அளவுகோலானால் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டியதுதான். ஆகவே அடியின் வலிமை உண்மையில் எங்கிருந்து பிறக்கிறது என்பதை, நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே ஆராய்ந்து பார்ப்போம்.

இவ்வகை வீச்சை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் ஹாக்கிக்காரர்கள் அல்லர். கோல்ஃப் ஆட்டத்தைச் சார்ந்தவர்கள். கல்கத்தாவில் 1829 இலேயே கோல்ஃப் சங்கம் தொடங்கிவிட்டது. உதகையிலும் கொடைக்கானலிலும் வெள்ளையர் காலத்திலேயே திடல்கள் அமைந்தன. கரிசல் மண்ணுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. குடிக்கத் தண்ணீருக்கே குடத்தோடு காத்து நிற்கும் ஊரில் புல்லுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்! எனினும் ஆராய்ச்சிக்கு அவ்வாட்டம் வசதியானது. பந்து அசையாது கிடக்கும். மட்டையைத் தட்டிப் பறிக்க எதிராளி கிடையாது. 1968 இல் பிரிட்டனைச் சேர்ந்த அலஸ்டேர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்னும் இருவர், குறையில்லாத வீச்சைத் தேடி நடத்திய ஆய்வுகளை ஒரு நூலாக வெளியிட்டனர். அதில் அவர்கள் மனித உடலின் சிக்கலையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வீச்சை ஓர் இரட்டை ஊசலாகக் கண்டனர்.

தனி ஊசலை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு கோலின் நுனியில் இன்னொரு கோலைக் கீல் போட்டுத் தொங்கவிட்டால் அது இரட்டை ஊசல். தோளிலிருந்து கைப்பிடி வரை மேல்கோல், மட்டை கீழ்கோல், இடையே உள்ள மணிக்கட்டு கீல். இந்தக் கீல் எப்போது திறக்கிறது என்பதில்தான் அடியின் வலிமை முழுவதும் அடங்கியிருக்கிறது. வீச்சு தொடங்கும்போதே மணிக்கட்டைத் திறந்துவிட்டால் கையும் மட்டையும் சேர்ந்து ஒரே நீளக்கோல் ஆகிவிடும். ஒரு நிறை அச்சிலிருந்து இருமடங்கு தொலைவுக்குப் போனால் அதன் நிலைமத் திருப்புத்திறன் நான்கு மடங்காகும் என்பது நாம் படித்த பாடம். நீட்டிய கோலைச் சுழற்றுவது ஆகையால் கடினம். எவ்வளவு தசை வலிமை இருந்தாலும் மந்தமாகவே சுழலும். மாறாக, மணிக்கட்டை மடக்கியபடியே வைத்துக்கொண்டு தோளைச் சுழற்றத் தொடங்கினால் மட்டை உடலுக்கு அருகில் இருக்கும். சுழற்சி எளிதாக வேகம் பெறும். அந்த வேகத்தில் மட்டை தானே வெளிப்புறம் வீசி எறியப்படும். அவ்வாறு எறியப்படும்போது கையின் வேகம் குறையும். கை இழந்த ஆற்றல் மட்டையின் நுனிக்குப் போய்ச் சேரும். வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது கை நின்றுவிட, நுனி பறப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே கதைதான். பந்தை அடிக்கும் கணத்தில் கை வேகம் குறைந்திருப்பது சோர்வன்று. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்ததன் அடையாளம்.

நூலில் படித்தபோது எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டத்துக்கு வேலிக்கருவேல் வெட்டுவோரைக் கவனியுங்கள். பெரும்பாலும் எலும்பும் தோலுமான மனிதர்கள். கோடரியைத் தூக்கும்போது வலக்கை அதன் தலைக்கு அருகில் இருக்கும். இடக்கை காம்பின் அடியில். இறக்கும்போது வலக்கை காம்பின் வழியே வழுக்கிக்கொண்டு இடக்கையோடு வந்து சேர்ந்துவிடும். தூக்கும்போது நிறையை அருகில் வைத்து உழைப்பைக் குறைக்கிறார்கள். இறக்கும்போது ஆரத்தை நீட்டி நுனிவேகத்தைக் கூட்டுகிறார்கள். நிலைமத் திருப்புத்திறன் என்ற சொல்லை அவர்கள் கேட்டதில்லை. ஆனால் அதைத் தவறாகக் கையாண்டால் மாலைக்குள் தோள் கழன்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஹாக்கியிலும் இதே கைநகர்வு உண்டு. பந்தைக் கடத்தும்போது வலக்கை மட்டையின் நடுவில் இருக்கும். ஓங்கி அடிக்கும்போது மேலேறி இடக்கையோடு சேரும். ஊரில் கோடரி பிடித்துப் பழகிய பையனுக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும்.

இனிக் காலக்கணக்குக்கு வருவோம். வீச்சில் மட்டையைப் பின்னே கொண்டுபோவது ஒரு பகுதி. முன்னே இறக்குவது மற்றொரு பகுதி. அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் நொவோசல் என்பவர் கோல்ஃப் வல்லுநர்களின் ஆட்டப் படங்களைச் சட்டம் சட்டமாக எண்ணிப் பார்த்து, 2004 இல் ஒரு நூல் எழுதினார். நொடிக்கு 30 சட்டங்கள் ஓடும் படத்தில், பின்வீச்சுக்கு 27 சட்டமும் முன்வீச்சுக்கு 9 சட்டமும் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 24-க்கு 8, 21-க்கு 7 என்று ஆடியவர்களும் உண்டு. ஆள் சுறுசுறுப்பானவராயினும் நிதானமானவராயினும் விகிதம் மூன்றுக்கு ஒன்றாகவே இருந்தது. 27-க்கு 9 என்றால் பின்னே கொண்டுபோக 0.9 நொடி, பந்தை அடைய 0.3 நொடி. அடிப்பதில் அவசரப்படுகிறவர்கள் பெரும்பாலும் பின்வீச்சில்தான் அவசரப்படுகிறார்கள். மட்டையை வெடுக்கென்று பின்னே இழுத்தால், உச்சியில் அதை நிறுத்தித் திருப்புவதற்கே தோள் தசை செலவாகிவிடும். மணிக்கட்டும் அந்த அதிர்ச்சியில் முன்கூட்டியே திறந்துகொள்ளும்.

ஹாக்கியில் 0.9 நொடி யார் தருவார்? அதற்குள் எதிராளியின் மட்டை பந்தைத் தட்டிப் போய்விடும். ஆகவே கோல்ஃப் கணக்கை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஹாக்கியில் பின்வீச்சு குட்டையாக இருக்க வேண்டும். தோளளவுக்கு மேல் தூக்கினால் எங்கே அடிக்கப் போகிறோம் என்று தண்டோராப் போட்டதாகிவிடும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது விகிதத்தை அன்று, அதன் உட்பொருளை: தொடக்கம் மெதுவாகவும் முடிவு விரைவாகவும் இருக்க வேண்டும், இடையில் வெட்டு இருக்கக் கூடாது. பழைய கொல்லுப்பட்டறையில் ஆசாரி சிறு சுத்தியலால் தட்டிக் காட்டுவார்; எதிரே நிற்பவர் அந்தத் தட்டுக்கு ஏற்பச் சம்மட்டி போடுவார். சிறு சுத்தியல் இரும்பை வளைப்பதற்காகத் தட்டவில்லை. பெரிய சம்மட்டிக்குக் காலம் சொல்வதற்காகத் தட்டுகிறது. உறுமி முழங்கத் தேவராட்டம் ஆடும் பகுதி நம்முடையது. தாளம் நமக்குக் கடன் வாங்க வேண்டிய சரக்கன்று.

பந்தைத் தொடும் கணத்தில் என்ன நடக்கிறது? கோல்ஃப் பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ 0.0005 நொடி. ஹாக்கியிலும் அது ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடி அளவினதே. அந்தக் குறுகிய நேரத்தில் கையால் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. மோதும்போது மட்டையின் தலை ஏறக்குறைய தனியே பறக்கும் ஒரு பொருளைப் போலவே நடந்துகொள்கிறது என்று காக்ரனும் ஸ்டாப்ஸும் கண்டனர். அடிக்கும் கணத்தில் பல்லைக் கடித்துப் பிடியை இறுக்குவதால் பந்துக்கு எந்தப் பயனும் இல்லை. இறுக்கிய பிடி மணிக்கட்டைப் பூட்டிவிடுவதால் வேகம் முன்பே குறைந்துபோகும் என்பதே உண்மை.

கனமான மட்டை வாங்கினால் வேகம் கூடும் என்பதும் ஒரு நம்பிக்கை. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். மட்டை 737 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மோதலில் மட்டை முழுவதும் பங்கு பெறுவதில்லை. அடிபடும் பகுதியின் பயனுறு நிறையே கணக்கு. அதை 250 கிராம் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம், பந்து 160 கிராம். பயனுறு நிறையை 300 கிராமாக, அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால், மோதல் சமன்பாட்டின்படி பந்தின் வேகம் நூற்றுக்கு 7 அளவே கூடும். மாறாக, நிறையை மாற்றாமல் மட்டை நுனியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் பந்தின் வேகமும் முழுதாக ஐந்தில் ஒரு பங்கு கூடும். கனத்த மட்டையைச் சுழற்றும் வேகம் மெலிந்த கையில் குறைந்தும் போகும். ஆகவே மெலிந்தவர்கள் கனத்த மட்டையைத் தேடுவது என் கருத்தில் இருமடங்கு நட்டம், விலையையும் சேர்த்தால் மும்மடங்கு.

இதுவரை தோளுக்குக் கீழே பேசினோம். உண்மையில் இரட்டை ஊசல் என்பதும் சுருக்கிச் சொன்னதே. தோளுக்குக் கீழே இடுப்பு, இடுப்புக்குக் கீழே கால், காலுக்குக் கீழே தரை. வலிமை பிறக்கும் இடம் தரைதான். கால் தரையைத் தள்ள, தரை காலைத் தள்ளுகிறது. அந்த எதிர்விசையில் இடுப்பு சுழல்கிறது. இடுப்பைத் தொடர்ந்து தோள், தோளைத் தொடர்ந்து முழங்கை, பின் மணிக்கட்டு, இறுதியில் மட்டை. கனமானது முதலில், இலேசானது கடைசியில். தேர்ந்த ஆட்டக்காரரைக் கவனித்தால், மட்டை இன்னும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே இடது கால் முன்னே ஊன்றி இடுப்பு திரும்பத் தொடங்கியிருக்கும். இடையில் உள்ள தசைகள் கவண் வாரைப் போல இழுபட்டு, பிறகு விடுபடுகின்றன.

இங்கேதான் நம் மண்ணின் சிக்கல் வருகிறது. கரிசல் மண் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. அதனால் பல திடல்களில் செம்மண்ணும் சரளையும் கொட்டி ஆடுகிறோம். சரளையில், அதுவும் தேய்ந்த கான்வாஸ் காலணியோடு, முன்காலை உறுதியாக ஊன்றித் திரும்பினால் வழுக்கும். ஓரிரு முறை முட்டி தேய்ந்தபின் உடல் தானே ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: இடுப்பைத் திருப்பாதே, கையால் மட்டும் வெட்டு. பந்து வேறு கல்லில் பட்டுத் துள்ளித் துள்ளி வரும். அதைக் குத்தி நிறுத்திச் சட்டென்று வெட்டியடிப்பதே அங்கே அறிவுடைமை. அந்தத் திடலுக்கு அது சரியான ஆட்டமே. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே பிள்ளை செயற்கைப் புல்தரைக்கு வரும்போது, கால் வழுக்காத இடத்திலும் கையால் மட்டுமே அடிக்கிறான். பார்ப்பவர்கள் "அடியில் உயிரில்லை, உடம்பு போதாது" என்கிறார்கள். போதாதிருப்பது உடம்பன்று, காலிலிருந்து கைக்கு ஆற்றல் வரும் பாதை நடுவில் அறுந்து கிடக்கிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் தொடங்கி உலக ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. நம் கிராமப் பள்ளிகள் பலவற்றில் இன்றும் மண் தரைதான். இந்த இடைவெளியைக் கடக்க வேண்டிய சுமை பதினான்கு வயதுப் பிள்ளையின் தலைமேல் விழுகிறது.

அறுந்த பாதையை இணைக்கச் சில பயிற்சிகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது காசு செலவில்லாதது. மட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பந்து இல்லாமல், அடிப்பதுபோல் வீச வேண்டும். இலேசான கைப்பிடி முனை காற்றைக் கிழிக்கும்போது 'விர்' என்று ஓர் ஓசை எழும். அந்த ஓசை எங்கே உரக்கக் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். வலது தோளுக்கு அருகிலேயே கேட்டால் மணிக்கட்டு முன்கூட்டியே திறந்துவிட்டது என்று பொருள். பந்து இருக்க வேண்டிய இடத்திலும் அதைச் சற்றே தாண்டியும் கேட்டால் வேகம் உரிய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தன் குறையைத் தன் காதே சொல்லும்போது பயிற்சியாளர் எந்நேரமும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை.

இரண்டாவது, இடது காலை ஊன்றி ஒரு கணம் கழித்தே மட்டையை இறக்கிப் பழகுவது. தொடக்கத்தில் நடைவேகத்தில், பந்து பத்து மீட்டர் உருண்டால் போதும் என்ற அளவில் செய்ய வேண்டும். பந்து இடது பாதத்துக்கு நேராக இருக்கட்டும். அதைவிட முன்னே போனால் மட்டை மேலேறும்போது பந்தைத் தொடும், பந்து எழும்பும். கோலை நோக்கி அடிப்பதைத் தவிர மற்ற அடிகளில் வேண்டுமென்றே பந்தை எழுப்புவது பிழை. பெனால்டி கார்னரில் முதல் அடி 460 மில்லிமீட்டர் உயரப் பலகையைத் தாண்டிச் சென்றால் கோலும் கிடையாது. எதிரே நிற்பவரின் முகமும் நினைவில் இருக்க வேண்டும். பந்து பஞ்சால் செய்ததன்று.

கைப்பேசி வைத்திருக்கும் நண்பர் யாரேனும் இருந்தால் பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டப் படம் எடுக்கச் சொல்லலாம். நொடிக்கு 240 சட்டங்கள் எடுக்கும் வசதி பல கைப்பேசிகளில் உள்ளது. பின்வீச்சுக்கு எத்தனை, முன்வீச்சுக்கு எத்தனை என்று எண்ணி, பத்து அடிகளுக்கு எழுதி வையுங்கள். எண்கள் அடிக்கு அடி தாவிக்கொண்டிருந்தால் முதலில் தாளத்தைச் சரி செய்ய வேண்டும். வேகத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

நம் துறை மாணவர்களுக்காக இறுதியாக ஒரு சோதனை. முதலாண்டு ஆய்வகத்தில் கூட்டு ஊசல் செய்தோமே, அதையே ஹாக்கி மட்டையைக் கொண்டு செய்யலாம். கைப்பிடியில் பிடிக்கும் இடத்தில் ஒரு சைக்கிள் கம்பியைக் குறுக்காக வைத்துச் சணலால் இறுகக் கட்டி, அதன் இரு முனைகளையும் இரண்டு மேசைகளின் விளிம்பில் தாங்கவிட்டுச் சிறிதளவே ஆட்ட வேண்டும். 20 அலைவுகளுக்கு 34 நொடி ஆகிறது என்று கொள்வோம். ஓர் அலைவுக்கு 1.7 நொடி. இதன் இருமடியை 9.8 ஆல் பெருக்கி 39.5 ஆல் வகுத்தால் 0.72 மீட்டர் வரும். கம்பியிலிருந்து 72 செ.மீ. தொலைவில் உள்ள அப்புள்ளியில் அடிபட்டால் கைப்பிடி உதறாது. அதற்கு மேலோ கீழோ பட்டால் கையில் சுளீரென்று உறைக்கும். கம்பியைக் கைப்பிடியில் இன்னும் கீழே இறக்கிக் கட்டி மறுபடி செய்து பாருங்கள். அப்புள்ளி மட்டையின் வளைவை நோக்கி, அதாவது பந்து படும் இடத்தை நோக்கி, நகர்ந்திருக்கும். நெருக்கடியில் பிடியைச் சற்றுக் கீழே இறக்கிக் குட்டை வீச்சாக அடிப்பவர்களுக்குச் சுழற்சி எளிதாவதோடு கையதிர்வும் குறைவதற்கு இது ஒரு காரணம். நிறுத்துக் கடிகாரம் கேட்கப் போகும்போது மட்டையை வெளியே வைத்துவிட்டு முதலில் காரணத்தைச் சொல்லுங்கள். ஹாக்கி மட்டையோடு ஆய்வகத்துக்குள் நுழைபவனை யாரும் இயற்பியல் மாணவன் என்று நம்புவதில்லை.